தாத்தா லென்ஸா, பேரன் லென்ஸா?

உங்க வீட்டு பீரோவை ஒருதடவை நல்லா குடைஞ்சு பாருங்க. பட்டுப்புடவைகளுக்குப் பின்னாடி, பழைய ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பத்திரம் எல்லாத்தையும் தாண்டி, பிரவுன் கலர் தோல் உறைக்குள்ள ஒரு கேமரா தூங்கிட்டிருக்க வாய்ப்பு உண்டு. சித்தப்பா துபாய்லேருந்து கொண்டு வந்ததா இருக்கலாம். தாத்தா ரிட்டயர்மென்ட் பணத்துல வாங்கினதா இருக்கலாம். ஊட்டியில ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை 'இந்து' ஃபிலிம் தயாரிச்ச காலத்துல உங்க அம்மாவை ரெட்டை ஜடையோட பிடிச்ச கேமராவே அதுவா இருக்கலாம்!

இன்னிக்கு கேம்பஸ்ல ஃபிலிம் மறுபடி ஃபேஷன். விஸ்காம் பசங்க மட்டும்தான்னு நினைக்காதீங்க... மெக்கானிக்கல் பசங்க கழுத்துலயும் கேமரா தொங்குது. கம்பெனிகளுக்கும் இது தெரிஞ்சுபோச்சு. லைக்கா 2022-ல் தன்னோட பழைய எம்6 ஃபிலிம் கேமராவை மறுபடி தயாரிக்க ஆரம்பிச்சது. பென்டாக்ஸ் 2024-ல் 'பென்டாக்ஸ் 17'னு புத்தம் புது ஃபிலிம் கேமராவையே இறக்கிடுச்சு.

சரி, கேமரா கைக்கு வந்தாச்சு. அடுத்த கேள்வி, ஹாஸ்டல் ரூம்ல விடிய விடிய சண்டை போட வைக்கிற கேள்வி: பழைய லென்ஸ் நல்லதா, புது லென்ஸ் நல்லதா?

"பழசுலதான் உயிர் இருக்கு மச்சி"னு ஒரு கோஷ்டி. "போடா, எல்லாம் மங்கலா விழும்"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேருமே பாதி உண்மைதான் சொல்றாங்க. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு க்ளிக் 42 ரூபாய்!

முதல்ல பாக்கெட் மேட்டர். ஃபிலிம் ரோல், டெவலப்பிங், ஸ்கேனிங்... எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம். ரோல்ல 36 படம். அப்போ ஒரு க்ளிக்குக்குக் கிட்டத்தட்ட 42 ரூபாய். கேன்டீன் சாப்பாட்டுக்கு நெருக்கமான விலை!

செல்போன்ல 200 படம் எடுத்து 198-ஐ அழிக்கலாம். இங்கே அழிக்கிற பட்டனே கிடையாது. லென்ஸ் என்ன செய்யும், எதைச் செய்யாதுன்னு தெரியாம அமுக்கினா, ஒரு வாரம் கழிச்சு லேப்லேருந்து வர்ற ஸ்கேனைப் பார்த்துதான் அழணும்.

நான் அழுதிருக்கேன். அப்பத்தாவோட 80-வது பிறந்த நாளுக்கு ஊருக்குப் போனப்ப, பழைய லென்ஸைப் போட்டு 9 படம் எடுத்தேன். ஒண்ணுகூடத் தேறலை. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

ரெண்டு ஹீரோக்கள்

'பழசு', 'புதுசு'னு பொத்தாம்பொதுவா பேசினா சண்டை முடியவே முடியாது. அதனால ரெண்டு லென்ஸை மட்டும் எடுத்துக்குவோம். ரெண்டுமே மாணவர்கள் கைக்கு எட்டுற ரகம்.

பழசு: ஹீலியோஸ் 44-2. 58 மி.மீ., எஃப்2. சோவியத் யூனியன்ல, மாஸ்கோ பக்கத்துல இருக்கிற கிராஸ்னோகோர்ஸ்க் ஊர்த் தொழிற்சாலையில பிறந்த குடும்பம். 'ஜெனிட்' கேமராக்களோட லட்சக்கணக்குல உலகம் பூரா போச்சு. முழுக்க உலோகம். பேட்டரி, மோட்டார், மின்சாரம் எதுவும் கிடையாது. எல்லாமே உங்க கைதான்.

புதுசு: கேனான் இஎஃப் 50 மி.மீ. எஃப்1.8 எஸ்டிஎம். 2015-ல் வந்தது. பிளாஸ்டிக் உடம்பு, எடை கம்மி, மோட்டார் தானே ஃபோகஸ் பண்ணும். டிஜிட்டல் கேமராவுக்குன்னுதான் நிறைய பேர் வாங்கினாங்க. ஆனா கேனான் 1987-ல் இஓஎஸ் வரிசையை ஆரம்பிச்சப்ப வெச்ச இஎஃப் மவுன்ட்தான் இதுக்கும். அதனால 1987-க்கு அப்புறம் வந்த இஓஎஸ் ஃபிலிம் கேமராவுல இது ஜம்முனு உட்காரும், ஆட்டோஃபோகஸோட!

இன்னொரு நல்ல சேதி. ஒரே இஓஎஸ் ஃபிலிம் பாடியில ரெண்டு லென்ஸையும் மாத்தி மாத்திப் போடலாம். எப்படி? ஹீலியோஸ் 44-2 என்பது எம்42 ரகம். 42 மி.மீ. விட்டத்துல மரை போட்டிருக்கும், பாட்டில் மூடி மாதிரி திருகணும். இந்த ரக லென்ஸ், ஃபிலிம்லேருந்து 45.46 மி.மீ. தூரத்துல உட்காரணும். கேனான் இஎஃப் மவுன்ட்டோ 44 மி.மீ. தூரத்துல இருக்கு. நடுவுல மிச்சம் 1.46 மி.மீ. அந்த இடத்துல ஒரு மெல்லிசான உலோக வளையத்தைப் போட்டா வேலை முடிஞ்சது. அதுதான் அடாப்டர்.

நிக்கான் வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. நிக்கான் எஃப் மவுன்ட்டோட தூரம் 46.5 மி.மீ. அதாவது லென்ஸ் ஏற்கெனவே தள்ளித்தான் உட்காரும். அடாப்டர் போட்டாலும் தூரத்து மலை, கோபுரம் எதுவும் ஃபோகஸ் ஆகாது. கிட்டத்து முகங்களுக்கு மட்டும்தான் சரிப்படும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம், மொத்த கதையும் மாறிடுது பாருங்க!

கேனான்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. சில பாடிகள்ல உள்ளே தூக்குற கண்ணாடி, பழைய லென்ஸோட பின்பக்கத்துல உரசலாம். ஃபிலிம் போடறதுக்கு முன்னாடி, ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரைக்கும் திருப்பி ஒருதடவை மெதுவா சோதிச்சுக்குங்க.

ரெண்டும் ஒரே வம்சம்!

இப்போ ஒரு ட்விஸ்ட். நீங்க எதிரும் புதிருமா நினைக்கிற இந்த ரெண்டு லென்ஸும் சொந்தக்காரங்க.

1896-ல் ஜெர்மனியில, ஜைஸ் கம்பெனியைச் சேர்ந்த பால் ருடால்ஃப் 'பிளானர்'னு ஒரு லென்ஸை வடிவமைச்சார். அபெர்ச்சருக்கு முன்னாடி பாதி, பின்னாடி பாதி, கண்ணாடியில பார்த்த மாதிரி சமச்சீரா இருக்கும். 6 கண்ணாடிகள், 4 குழுக்கள். வடிவம் பிரமாதம். ஆனா ஒரு பெரிய தலைவலி: பிரதிபலிப்பு.

பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடியில வெளிச்சம் நுழையறப்பவும், வெளியே வர்றப்பவும் ஏறக்குறைய 4 சதவீதம் திரும்பிடும். 4 குழுன்னா 8 பரப்பு. ஒவ்வொரு பரப்புலயும் 4 சதவீதம் போனா, கடைசியில 100-க்கு 72தான் மிஞ்சும். போன 28 சும்மா போகலை. அதுல ஒரு பங்கு உள்ளுக்குள்ளேயே பந்து மாதிரி எகிறி எகிறி, ஃபிலிம் மேல வெள்ளைத்திரை போட்டுடும். கறுப்பு கறுப்பா இருக்காது, சாம்பலா இருக்கும்.

அதனால ருடால்ஃபே 1902-ல் 'டெஸ்ஸார்' வடிவத்தைக் கொண்டு வந்தார். 4 கண்ணாடி, 3 குழு, 6 பரப்புதான். அது சக்கைப்போடு போட்டது. பிளானர் ஓரங்கட்டப்பட்டது.

1935-ல் கதை மாறிச்சு. அதே ஜைஸ்ல அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா, கண்ணாடி மேல கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசா ஒரு பூச்சு போட்டா பிரதிபலிப்பு குறையும்னு ஒரு முறையைக் கண்டுபிடிச்சார். அவ்ளோதான், பிளானர் வம்சத்துக்கு மறுவாழ்வு! அந்த வம்சத்துல வந்த ஜைஸ் 'பயோட்டார்' 58 மி.மீ.யைப் பார்த்துத்தான், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத்காரங்க ஹீலியோஸை உருவாக்கினாங்க.

கேனானோட 50 மி.மீ.? அதுவும் இதே குடும்பம்தான். 6 கண்ணாடி, ஆனா 5 குழு. அப்படின்னா 10 பரப்பு. பூச்சே இல்லாத காலத்துல இப்படி ஒரு லென்ஸ் செஞ்சிருந்தா, மூணுல ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே காணாம போயிருக்கும். இன்னிக்கு தைரியமா செய்யறாங்கன்னா, காரணம் பல அடுக்குப் பூச்சு. 1971-ல் பென்டாக்ஸ் தன்னோட டாகுமார் லென்ஸ்கள்ல 7 அடுக்குப் பூச்சைக் கொண்டு வந்தது இந்தப் பயணத்துல ஒரு மைல்கல்.

ஆக, பழசுக்கும் புதுசுக்கும் இருக்கிற முதல் வித்தியாசம் கண்ணாடியோட வடிவத்துல இல்லை. அந்தக் கண்ணாடி மேல இருக்கிற, உங்க கண்ணுக்கே தெரியாத தோல்ல இருக்கு.

ஃபிலிம்ல என்ன தெரியும்?

வெயிலை எதிர்த்து எடுங்க. காலேஜ் வேப்பமரத்துக்குப் பின்னாடி சாயங்கால சூரியன், முன்னாடி உங்க ஃப்ரெண்டு. கேனான்ல முடியோட ஓரம் பளிச்னு, முகத்து நிழல் ஆழமா விழும். ஹீலியோஸ் 44-2-ல ஒற்றைப் பூச்சுதான். படம் முழுக்க ஒரு பால்புகை பரவும், கறுப்பு மெலிஞ்சு போகும். அது உங்களுக்குப் பிடிச்சா 'கனவு மாதிரி'. பிடிக்கலைன்னா 'மங்கல்'. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்.

இதுல பாதியை ஒரு சாதாரண ஹுட் போட்டே தடுக்கலாம். சந்தோஷ சமாச்சாரம் என்னன்னா, ஹீலியோஸ் 44-2, கேனான் எஸ்டிஎம் ரெண்டுக்கும் ஃபில்டர் மரை 49 மி.மீ.தான். ஒரு ரப்பர் ஹுட் வாங்கினா ரெண்டுக்கும் ஆச்சு!

அடுத்தது, பின்னணி. ஹீலியோஸை எஃப்2-ல் முழுசா திறந்து, ஒருத்தரைக் கிட்டத்துல நிக்க வெச்சு, பின்னாடி இலைகள் இருக்கிற மாதிரி எடுத்தா, இலைகளெல்லாம் அவரைச் சுத்தி ராட்டினம் மாதிரி சுழலும். இதுக்குத்தான் இந்த லென்ஸ் இவ்ளோ பிரபலம். இது மந்திரம் இல்லை, குறைபாடு! படத்தோட ஓரத்துக்குப் போற வெளிச்சத்தை லென்ஸோட குழாயே கொஞ்சம் வெட்டிடுது. அதனால நடுவுல வட்டமா தெரியற ஒளிப்புள்ளிகள், ஓரத்துல எலுமிச்சம்பழம் மாதிரி நசுங்கிடுது. எல்லாம் மையத்தைச் சுத்தி வரிசையா நிக்கிறதால, சுழற்சி மாதிரி தெரியுது. ஓரங்கள்ல லென்ஸுக்கு இருக்கிற மத்த குறைகளும் சேர்ந்து அதைக் கூட்டிடுது. அந்தக் காலத்துப் பொறியாளர்கள் ஒழிக்கப் பாடுபட்ட குறையை, நாம காசு கொடுத்து வாங்கிட்டிருக்கோம்!

ஆனா இந்தக் குறை எல்லா இடத்துலயும் அழகா இருக்காது. அப்பத்தா பிறந்த நாள்ல, 14 பேர் குரூப் போட்டோவை ஹீலியோஸ்ல எஃப்2-ல் எடுத்தேன். நடுவுல அப்பத்தா அம்சமா இருந்தாங்க. ரெண்டு ஓரத்துலயும் நின்ன மாமாக்கள் தண்ணிக்குள்ள நின்ன மாதிரி கரைஞ்சு போயிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் பெரிய மாமா, "என்னை வேணும்னேதான் அழிச்சிட்டான்"னு சொல்லிட்டிருக்கார்.

கூர்மை... எவ்ளோ தேவை?

"புது லென்ஸ்தான் ஷார்ப்"னு சொல்றவங்க சொல்றது நிஜம்தான். முழுசா திறந்து வெச்ச நிலையில, குறிப்பா ஓரங்கள்ல, கேனான் எளிதா ஜெயிக்கும். ஆனா ஃபிலிம்ல அந்த ஜெயிப்பு முழுசா தெரியாது.

லென்ஸும் ஃபிலிமும் ரெண்டு சல்லடை மாதிரி. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு சலிக்கிறப்ப, ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சம் விவரத்தைப் பிடிச்சுக்கும். புகைப்படக்காரங்க ரொம்ப நாளா பயன்படுத்துற ஒரு தோராயக் கணக்கு இருக்கு. ஃபிலிம், ஒரு மில்லிமீட்டர்ல 80 கோட்டு ஜோடிகளைப் பிரிச்சுக் காட்டும்னு வெச்சுக்குங்க. லென்ஸ் 60 காட்டினா, ரெண்டும் சேர்ந்து படத்துல கிடைக்கிறது சுமார் 34. லென்ஸை 120 ஆக்கினா? 68 வராது, 48தான் வரும். லென்ஸ் ரெண்டு மடங்கு ஆச்சு, படம் 40 சதவீதம்தான் கூடிச்சு. மிச்சத்தை ஃபிலிமோட துகள் சாப்பிட்டுடும்.

இதுல இன்னொரு உண்மை, எஃப்8-க்கு மூடிட்டா தாத்தாவும் பேரனும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஓடுவாங்க. வெயில்ல எஃப்8-ல், 400 ஃபிலிம்ல எடுத்த ரெண்டு படத்தையும் போஸ்ட்கார்டு சைஸ் பிரின்ட் போட்டு நீட்டினா, எது எதுன்னு சொல்றது ரொம்பக் கஷ்டம். உங்க கை நடுக்கம் கெடுக்கிறதைவிடவா லென்ஸ் கெடுத்துடப் போகுது!

கைப்பழக்கம்தான் பெரிய வித்தியாசம்

படத்தைவிட, எடுக்கிற விதத்துலதான் ரெண்டும் எதிரெதிர்.

ஹீலியோஸ் 44-2-ல அபெர்ச்சருக்கு ரெண்டு வளையம். ஒண்ணுல 'எஃப்8 வேணும்'னு முடிவு பண்ணி வைக்கணும். இன்னொண்ணைத் திறந்தா வியூஃபைண்டர் வெளிச்சமாகும், ஃபோகஸ் பண்ணலாம். பண்ணி முடிச்சதும் அதே வளையத்தை மூடணும், அப்புறம்தான் க்ளிக். மறந்துபோய் மூடாம அமுக்கினா?

அதுதான் என் 9 படக் கதை. மேனுவல் மோடுல, ஷட்டரை எஃப்8-க்குக் கணக்கு போட்டு வெச்சிருந்தேன். பேரன் பேத்திகள் கேக் ஊட்டுற பரபரப்புல வளையத்தை மூடவே இல்லை. எஃப்2-க்கும் எஃப்8-க்கும் நடுவுல 4 படி. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் ரெண்டு மடங்கு. ஆக, 16 மடங்கு வெளிச்சம்! அப்பத்தாவோட வெள்ளைச் சேலை, வெள்ளை முடி, வெள்ளைச் சுவர்... எல்லாம் ஒண்ணாயிடுச்சு. கணக்குப்படி நஷ்டம் 378 ரூபாய். ஆனா அந்த அஞ்சு நிமிஷத்தை எந்தக் கடையில வாங்கறது?

கேனான்ல இந்தப் பிரச்னையே கிடையாது. கடைசி நொடி வரைக்கும் திறந்தே இருக்கும், அமுக்கின உடனே தானா மூடி, தானா திறந்துக்கும். ஓடுற குழந்தை, கல்ச்சுரல்ஸ் மேடை டான்ஸ், கபடி மேட்ச் இதுக்கெல்லாம் ஆட்டோஃபோகஸை அடிச்சுக்க முடியாது.

அப்போ பழசுக்கு என்னதான் பெருமை? தூர அளவுகோல்! பழைய லென்ஸோட கழுத்துல மீட்டர் கணக்கு பொறிச்சிருக்கும். அதுக்குப் பக்கத்துலயே எந்த அபெர்ச்சருக்கு எதுலேருந்து எது வரைக்கும் தெளிவா விழும்னு கோடு போட்டிருக்கும். ஒரு 50 மி.மீ. லென்ஸை எஃப்11-ல் வெச்சு, 7.6 மீட்டருக்கு ஃபோகஸ் பண்ணிட்டா, 3.8 மீட்டர்லேருந்து அடிவானம் வரைக்கும் எல்லாம் தெளிவா விழும். அப்புறம் ஃபோகஸ் பக்கமே போக வேண்டாம். மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட், தேர்த் திருவிழான்னு கேமராவைத் தூக்கு, அமுக்கு, நட! எஸ்டிஎம் லென்ஸ்ல தூர அளவுகோலே இல்லை. அதோட ஃபோகஸ் வளையம்கூட நேரா கண்ணாடியைத் திருப்பறதில்லை. நீங்க திருப்புறதை மோட்டாருக்கு சொல்லும், மோட்டார்தான் திருப்பும்.

புதுசு வாங்கறப்ப ஏமாறாதீங்க

"ஒரே கம்பெனிதானே, மாட்டினா போச்சு"ன்னு நினைச்சு விழுந்தவங்க நிறைய.

டிஜிட்டல் கேமராவோட வந்த கிட் லென்ஸ்: நிக்கான் 'டிஎக்ஸ்' லென்ஸ்கள் சின்ன சென்சாருக்காகச் செஞ்சவை. ஃபிலிம் ஃப்ரேம் 36-க்கு 24 மி.மீ. அங்கே மாட்டினா நாலு மூலையும் இருட்டு. கேனான் 'இஎஃப்-எஸ்' ஃபிலிம் பாடியில மாட்டவே மாட்டாது.

அபெர்ச்சர் வளையம் இல்லாத நிக்கான் 'ஜி' லென்ஸ்: எஃப்எம்10, எஃப்எம்2 மாதிரி கையால இயங்குற பாடியில போட்டா, படம் எப்பவும் மிகச்சின்ன துளையிலதான் விழும். அதுக்கு அப்புறம் வந்த 'இ' ரகம் நேர் எதிர். முழுசா திறந்தே இருக்கும், மூடாது. இந்த பாடிகளுக்கு வளையம் இருக்கிற லென்ஸ்தான் சரி. அதுலயும் 1977-ல் வந்த 'ஏஐ' முறைக்கு முந்தின லென்ஸை மாத்தி அமைக்காம திருகாதீங்க, பாடியே சேதமாகலாம்.

மிர்ரர்லெஸ் லென்ஸ்: கேனான் ஆர்எஃப், நிக்கான் இசட், சோனி இ எதுவா இருந்தாலும் ஃபிலிம் எஸ்எல்ஆர்ல வேலைக்கு ஆகாது. அதெல்லாம் சென்சாருக்கு 20 மி.மீ. தூரத்துலயோ, அதைவிடக் கிட்டவோ உட்காரணும். எஸ்எல்ஆர்ல அந்த இடத்துல கண்ணாடி இருக்கே!

பழசு வாங்கறப்ப 6 டெஸ்ட்

1. டார்ச் டெஸ்ட்: அபெர்ச்சரை முழுசா திறந்து, செல்போன் டார்ச்சைப் பின்னாடியிலேருந்து அடிங்க. உள்ளே சிலந்திவலை மாதிரி இழை தெரிஞ்சா, அது பூஞ்சை. மூட்டமா தெரிஞ்சா, படிஞ்சுபோன எண்ணெய்ப் புகை. ரெண்டு தூசி இருந்தா கவலைப்படாதீங்க, படத்துல தெரியாது.

2. வானவில் டெஸ்ட்: கண்ணாடி ஓரத்துல எண்ணெய் சிந்தின மாதிரி வானவில் திட்டு இருந்தா, ஒட்டியிருந்த ரெண்டு கண்ணாடி பிரியுதுன்னு அர்த்தம். தொடாதீங்க.

3. இதழ் டெஸ்ட்: அபெர்ச்சரைத் திறந்து மூடுங்க. ஹீலியோஸ் 44-2-ல 8 இதழ். எல்லாம் சேர்ந்து நகரணும். இதழ்ல எண்ணெய் மினுங்குறது இந்த லென்ஸ்ல பெரிய ஆபத்து இல்லை. ஆனா தானா மூடுற ரகமா இருந்தா, எண்ணெய் ஒட்டின இதழ் லேட்டா மூடும், படம் வெளுத்துடும்.

4. திருகு டெஸ்ட்: ஃபோகஸ் வளையம் பஞ்சாமிர்தம் மாதிரி வழுவழுன்னு போகணும். கரகரன்னா மணல். இறுக்கமா இருந்தா பழைய கிரீஸ் காய்ஞ்சிருக்கு.

5. மஞ்சள் டெஸ்ட்: வெள்ளைத்தாள் மேல வெச்சு லென்ஸ் வழியா பாருங்க. டீ நிறம் தெரியுதா? சில பழைய லென்ஸ்கள்ல, உதாரணத்துக்கு சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்1.4-ன் 7 கண்ணாடி மாடல்ல, தோரியம் கலந்த கண்ணாடி இருக்கு. ஆமாம், கதிரியக்கம் உள்ள அதே தோரியம்தான்! வருஷக்கணக்குல அது கண்ணாடியையே பழுப்பாக்கிடும். புற ஊதா வெளிச்சத்துல நாள்கணக்குல வெச்சா நிறம் தெளியும். சாதாரணமா படம் எடுக்கிறதுல பெரிய அபாயம் இல்லை. ஆனா உடைக்கிறது, தேய்க்கிறது, தலையணைக்குக் கீழே வெச்சுத் தூங்கறது எல்லாம் வேண்டாம்.

6. மரை டெஸ்ட்: மவுன்ட் எந்த ரகம்னு கேட்டு, உங்க பாடியில மாட்டிப் பார்த்துட்டே பணத்தை நீட்டுங்க.

பீரோவுல சாகுது பாஸ்!

இப்போ முக்கியமான விஷயம். நம்ம ஊர் ஈரக்காத்து, பழைய லென்ஸுக்கு எமன். சென்னை, நாகர்கோவில், கடலூர்னு கடலோரத்துல இருக்கிறவங்க கூடுதலா கவனிக்கணும். காத்தோட்டம் இல்லாத இருட்டு, ஈரம், தோல் உறை மூணும் சேர்ந்தா பூஞ்சைக்கு விருந்து. அது சும்மா படர்றதோட நிக்காது. அமிலம் சுரந்து பூச்சையும், போகப் போகக் கண்ணாடியையும் அரிச்சுடும். பூஞ்சையைத் துடைக்கலாம், அரிச்ச தழும்பு போகாது. 1935-லேருந்து கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்ச அந்தத் தோலே போச்சுன்னா என்ன மிச்சம்?

செலவில்லாத வைத்தியம் இதோ. தோல் உறையிலேருந்து வெளியே எடுங்க. காத்துப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல். ஜெல் நிறம் மாறினா வறுத்தோ, மாத்தியோ போடுங்க. அரிசிக்குள்ள புதைக்காதீங்க, தவிட்டுத் தூசு உள்ளே போயிடும். இதையெல்லாம்விட நல்ல மருந்து, அடிக்கடி எடுத்து உபயோகிக்கிறதுதான்!

அப்போ தீர்ப்பு?

ஓடுற விஷயங்கள், குரூப் போட்டோ, இருட்டு ஹால், திரும்பக் கிடைக்காத நிகழ்ச்சி... இதுக்கெல்லாம் புதுசு. ஒருத்தரை உட்கார வெச்சுப் பேசிக்கிட்டே எடுக்கிற படம், கறுப்பு வெள்ளை, மரம் செடி பின்னணி, நிதானமான தெருப் படம்... இதுக்கெல்லாம் பழசு. வீட்டுல ஏற்கெனவே ஒரு பழைய லென்ஸ் இருந்தா, புதுசு வாங்கற காசுல முதல்ல 2 ரோல் ஃபிலிம் வாங்குங்க. லென்ஸைவிட, நீங்க எடுக்கிற படங்களோட எண்ணிக்கைதான் உங்களை வளர்க்கும்.

நம்பிக்கை இல்லையா? ஒரு ரோலை ரெண்டா பிரிங்க. 18 படம் தாத்தா லென்ஸ், 18 படம் பேரன் லென்ஸ். அதே ஆள், அதே வெளிச்சம், அதே இடம். ஒவ்வொண்ணுக்கும் எந்த அபெர்ச்சர், எந்த ஷட்டர்னு நோட்டுல எழுதிக்குங்க. ஸ்கேன் வந்ததும் நோட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. எந்தக் கோஷ்டி சொல்றதையும் நீங்க கேட்க வேண்டியதில்லை.

நான் அடுத்த பொங்கலுக்கு அதைத்தான் செஞ்சேன். திண்ணையில அப்பத்தா. அதே ரோல், ரெண்டு லென்ஸ். ரெண்டு பிரின்ட்டையும் கையில கொடுத்தேன். கேனான் படத்துல ஒவ்வொரு சுருக்கமும், காதுல தோடு தொங்கின ஓட்டையும் துல்லியம். ஹீலியோஸ்ல முகம் மட்டும் மெதுவா தெரிஞ்சுது, பின்னாடி முருங்கை மரம் சுத்திக்கிட்டிருந்தது.

அப்பத்தா ரொம்ப நேரம் பார்த்துட்டு, சுழல்ற படத்தை எடுத்து சுருக்குப் பையில வெச்சுக்கிட்டாங்க. துல்லியமானதை அப்பாகிட்ட நீட்டி, "இது உனக்கு. நான் போனப்புறம் என்னைச் சரியா ஞாபகம் வெச்சுக்க இதுதான் வேணும்"னாங்க.

ரெண்டு லென்ஸும் இன்னும் என் பையில இருக்கு. உங்க பீரோவுல என்ன இருக்கு? இன்னிக்கே திறந்து பாருங்க. வளையத்தை மூட மட்டும் மறந்துடாதீங்க!